வயித்தைத்தான் வெட்டினாங்க, காலை இல்ல

அன்பு மகள் யுவனேஸ்வரிக்கு அம்மா ரஞ்சிதம் எழுதிக்கிறது. இங்க மழையும் மூடுபனியுமா இருந்தாலும் மாரியாத்தா புண்ணியத்துல நான் கையும் காலும் சொகமா இருக்கேன். அங்க பெர்த்துல நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு ஒழுங்காப் போத்திக்கிட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை சச்சரவு இல்லாம இருக்கணும்னு தெனம் வெளக்கு ஏத்துறப்பக் கேட்டுக்கிறேன். என்னடா அம்மா வாட்சாப்பை விட்டுட்டுக் காகிதம் எடுத்துட்டாளேன்னு நீ திகைக்கலாம். போன்ல நான் ஒரு வார்த்தை சொன்னா நீ ஒம்போது வார்த்தை சொல்ற, அப்புறம் அழுவுற, நீ அழுதா எனக்குச் சொல்ல வந்தது மறந்து போவுது. காகிதத்துல நீ குறுக்க பேச முடியாது பாரு, அதான். முழுசாப் படி, பாதியில மடிச்சு வச்சுராத.

நேரா விஷயத்துக்கு வர்றேன். நீ நம்ம எஸ்டேட்டு ஆபீசுக்குப் போன் போட்டு, கணக்கு எழுதுற குணாளன் கிராணிகிட்ட, எங்கம்மா ஆபரேஷன் பண்ணின உடம்பு, அவங்களை மலைக்கு அனுப்பாதீங்க, உக்கார்ற வேலையாக் குடுங்க, மீறி அனுப்பி ஏதாச்சும் ஆச்சுன்னா எஸ்டேட்டு மேல கேஸ் போடுவேன்னு சொல்லியிருக்க. நீ பேசி முடிச்ச மறுநாளே என் பேரைத் தேயிலை மலையிலேருந்து எடுத்து, டூரிஸ்ட்டு வந்து தேயிலை வாங்குற கடைக்குப் பின்னால பேக்கிங் ரூமுல போட்டுட்டாங்க. யாரு சொல்லி போட்டீங்கன்னு கேட்டேன். உங்க மகதான்னு கிராணி சொன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாரு யுவா. பெத்து வளத்து, பிரிஞ்சாங் ஸ்கூல்ல படிக்க வச்சு, பிளேன் ஏத்தி விட்ட அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் என்ன ஆட்டுக்குட்டியா, இங்கேருந்து அவுத்து அங்க கட்டுறதுக்கு? கோவம் வந்துச்சு, ரொம்ப வந்துச்சு, அதை மறைக்கல. ரெண்டு வாரம் பொறுத்தேன், ஏன்னா நீ பயந்துபோயிதான் செஞ்சேன்னு தெரியும். ஆனா நீ எதுக்குப் பயந்தியோ அது நடக்கவே இல்ல, வேற ஒண்ணுதான் நடந்துச்சு, அதை உனக்கு ஒழுங்கா யாரும் சொல்லல. அதனால மொதல்லேருந்து சொல்றேன்.

பொங்கல் கழிச்சு ஈப்போவுல எடை கொறைக்கிற ஆபரேஷன் பண்ணினப்ப நீ லீவு போட்டு வந்து பக்கத்துல இருந்த, மறக்கல. வயித்துல முக்கால்வாசியை வெட்டி எடுத்துட்டு ஒரு வாழைப்பழம் அளவுக்கு விட்டிருக்கோம்னு டாக்டர் நம்ம ரெண்டு பேர்கிட்டயும்தான் சொன்னாரு. நீ திரும்பிப் போனதும் என்னைப் பாத்துக்கிற பொறுப்பை அடுத்த வீட்டுச் செல்லம் எடுத்துக்கிட்டா. அங்கதான் கூத்து. செல்லத்துக்கு வயித்துல கத்தி வச்ச பொம்பளைன்னா ஒரே கணக்குத்தான், பிள்ளை பெத்தவ. லைன் வீட்டுல இருக்குற மத்த பொம்பளைங்களும் அதுக்கு ஆமாம் போட்டாங்க. வயித்தைச் சுத்திப் பழைய சேலையைக் கிழிச்சுக் கட்டினாங்க. தலைக்குத் துண்டு, காதுல பஞ்சு. வாசப்படி தாண்டக் கூடாது, பச்சத் தண்ணியில கை வைக்கக் கூடாது, குனியக் கூடாது, கூட்டக் கூடாது. நான் தொடப்பத்தை எடுத்தா செல்லம் ஓடி வந்து கையிலேருந்து பிடுங்குவா. ஒரு நாளு சுறாப்புட்டு செஞ்சு எடுத்துட்டு வந்தா. ஏன்டி, பால் சுரக்குறதுக்குக் குடுக்குறது, இந்த வயசுல நான் யாருக்குடி பால் குடுக்கப் போறேன்னு கேட்டேன். சாப்பிடுக்கா, நல்லதுதானேன்னுட்டா. ரெண்டு கரண்டிக்கு மேல எறங்கல, வயிறு ஏத்துக்கல, மிச்சத்தை அவளே உக்காந்து சாப்பிட்டா.

சிரிக்கலாம், ஆனா கேளு. எடை மளமளன்னு எறங்குது. எல்லாரும் வந்து பாத்துட்டு, அக்கா கொமரிப் பொண்ணு மாதிரி ஆயிட்டிங்கன்னு சொல்றாங்க. எனக்கும் பெருமைதான், கண்ணாடி முன்னால ரெண்டு தரம் கூட நின்னேன். அப்புறம் ஒரு நாளு குளிக்கிற ரூமுல குந்தினவ எந்திரிக்க முடியாமப் போச்சு. கால் ரெண்டும் வாழத்தண்டு மாதிரி நடுங்குது. தொட்டியைப் பிடிச்சு, செவத்தைப் பிடிச்சு, முருகா முருகான்னு எப்படியோ எந்திரிச்சு வந்தேன். உனக்கு அன்னைக்குச் சொல்லல, சொன்னா அடுத்த பிளேன்ல வந்துருவ.

அடுத்த தரம் கிளினிக்குப் போனப்ப அங்க பிசியோ செய்யுற பொண்ணு, நூருல்னு பேரு, சின்னப் பொண்ணு, ரொம்ப மரியாதையா ஆன்ட்டி ஆன்ட்டின்னு கூப்புடும், கையைக் கட்டிக்கிட்டு இந்த நாற்காலியிலேருந்து எந்திரிங்க பாப்போம்னு சொல்லுச்சு. என்னால முடியல யுவா. மூணு தரம் முன்னால பின்னால ஆடினேன், குண்டி நாற்காலியை விட்டுக் கெளம்பல. நூறு கிலோவுக்கு மேல இருந்தப்ப எந்திரிச்ச நாற்காலி அது. எளைச்ச பின்னால எந்திரிக்க முடியல. வீட்டுல என்ன செஞ்சீங்கன்னு கேட்டுச்சு. படுத்திருந்தேன், உக்காந்திருந்தேன்னு சொன்னேன். அது என் மொழங்காலைத் தட்டிட்டு ஒண்ணு சொல்லுச்சு. “ஆன்ட்டி, டாக்டர் உங்க வயித்தைத்தான் வெட்டினாரு, காலை இல்ல.” இப்படி வேகமா எளைக்கிறப்பக் கொழுப்பு மட்டும் கரையாதாம், நடக்காம, தூக்காம இருந்தா சதையும் சேந்து கரைஞ்சிருமாம். நெறைய பேரு ஆபரேஷன் பண்ணினதோட வேலை முடிஞ்சுதுன்னு முன்னால உக்காந்த மாதிரியே உக்காந்துர்றாங்களாம், கொஞ்ச வருஷத்துல போன எடை திரும்பி வந்துருதாம். சாப்பாடு பாதிதான் ஆன்ட்டி, மிச்சம் காலுலதான் இருக்குன்னு சொல்லுச்சு.

அந்த நாற்காலியில உக்காந்திருந்தப்ப எனக்கு உங்கப்பா ஞாபகம்தான் வந்துச்சு. சீனி வியாதியில காலு எடுத்த பின்னால வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்தவரு, எத்தனை வருஷம் உக்காந்தாரு. கட்டையை ஊணி நடங்க, நடங்கன்னு நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு தரம் சோத்துத் தட்டை அடுப்படியிலயே வச்சுட்டு வந்து எடுத்துக்குங்கன்னு கூடச் சொல்லிப் பாத்தேன். என் காலம் முடிஞ்சுது ரஞ்சிதம்னுட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரு மாதிரி உக்காந்திருந்தாரு. அப்படியே போயும் சேந்தாரு. அவரு மனசு அது, நான் கொறை சொல்லல. ஆனா நான் அந்த ஜாதி இல்ல. மலை ஏறித் தேயிலை வெட்டினவ, எடை ஏறி மூட்டு போயி நர்சரியில கன்னுக்குத் தண்ணி ஊத்துறவளா எறங்கினேன். திரும்பி மலை ஏறணும்னுதான் கத்தி வைக்கவே ஒத்துக்கிட்டேன். அழகாகுறதுக்கா இந்த வயசுல வெட்டிக்கிட்டேன்?

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் வயித்துக் கட்டை அவுத்து எறிஞ்சேன். மறுநாள் காலையில பின்கதவைத் தொறந்து நடக்கப் போனேன். செல்லம் தலையில அடிச்சுக்கிட்டா. லைன் பொம்பளைங்க வாயில கை வச்சாங்க. நான் நிக்கல. மொத நாளு கோயில் வரைக்கும் கூடப் போக முடியல, தண்ணி டேங்கு கிட்டயே மூச்சு வாங்குச்சு. செல்லம் என்ன செஞ்சா தெரியுமா, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு என் பின்னாலேயே வந்தா. ஒவ்வொரு வளைவுலயும் ஸ்டூலைப் போட்டு, உக்காருக்கா உக்காருக்கான்னு ஒரே ரோதனை. நான் உக்காரல. அவதான் உக்காந்தா. இப்படியே சித்திரை, வைகாசின்னு ஓடுச்சு. கோயில் வரைக்கும், பாக்டரி வரைக்கும், அப்புறம் மேல ரோட்டு வரைக்கும் ஏற ஆரம்பிச்சேன். நூருல் சொல்லிக் குடுத்தபடி தண்ணி போத்தலை ரெண்டு கையிலயும் தூக்கி எறக்குவேன், செவத்துல முதுகை வச்சு ஒக்காந்து எந்திரிப்பேன். செல்லத்துக்கு ஜாக்கெட்டு லூசாப் போயி, உன்னைப் பாத்துக்க வந்து என் துணியெல்லாம் தைக்கக் குடுக்க வேண்டியதாப் போச்சேக்கான்னு மொனகிக்கிட்டே வந்தா. கிளினிக்குல கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியிலேருந்து எந்திரிச்சுக் காட்டினப்ப நூருல் கை தட்டுச்சு. டாக்டரும் பாத்துட்டு, மலை வேலைக்குப் போலாம், பளு மூட்டை மட்டும் தூக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்கன்னு வாயாரச் சொன்னாரு. அவரு சொன்ன பின்னாலதான் போனேன். வீம்புக்குப் போனேன்னு நெனைக்காத.

இப்ப அந்த நாளைக் கேளு. மேட்டுப் பக்கம் இருக்குற மலையில செல்லத்தோட நான் கொழுந்து வெட்டுற மெஷின் பிடிச்சேன். உனக்குத் தெரியாததா, செடி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி பிடிச்சு நடக்கணும், பின்னால ஒருத்தர் பையை இழுத்துக்கிட்டு வரணும். ஒருத்தி தளந்தா மெஷின் சாஞ்சிரும். திருமாறன் கங்காணி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். மொத வரிசையில மெஷின் கனத்துச்சு, ரெண்டாவதுல காலு பழைய மாதிரி எடம் பாத்து ஊண ஆரம்பிச்சிருச்சு. சாயல. ஒரு தரம் கூடச் சாயல யுவா. அந்த மெஷின் சத்தத்துல நான் அழுதேன், யாருக்கும் தெரியல. பத்து மணித் தேத்தண்ணிக்கு உக்காந்தப்ப மழைத்தூறல் போட்டுக் குளிர் எலும்புல எறங்குது. செல்லம் பிளாஸ்க்கைத் தொறந்து ஊத்திக் குடுத்தா. சீனி போட்டியாடின்னு கேட்டேன். ஒரு கரண்டி கூடப் போடலக்கா, உனக்குன்னு தனியாக் கலக்கினேன், வெறும் பாலுதான்னா. வெறும் பாலுதான், சீனி போட்டுக் காய்ச்சின டின் பாலு. அரை டின்னைக் கவுத்திருக்கா பாவி, அக்காவுக்குத் தெம்பு வரட்டும்னு. வாயில வச்சதும் இனிச்சுது. டாக்டர் மொதல்லயே இனிப்பு ஆகாதுன்னு சொல்லியிருந்தாரு, நானும் பொம்மை மாதிரித் தலையாட்டியிருந்தேன். ஆனா கேக்கு, லட்டு, ஜாமூன் இதைத்தானே நாம இனிப்புன்னு நெனைப்போம். தேயிலைக்காட்டுல பொறந்தவ எவ தேத்தண்ணியை அந்தக் கணக்குல சேப்பா? குளிருக்கு எதமா இருந்துச்சு, மலை ஏறின சந்தோஷம் வேற, மடமடன்னு குடிச்சுட்டேன்.

கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சுது, உடம்பெல்லாம் வேர்வை, வயித்தைப் பிசையுது, கண்ணு இருட்டுது. வரிசைக்கு நடுவுல படுத்துட்டேன். செல்லம் ஐயோ அக்கா போச்சேன்னு மாரடிக்கிறா, திருமாறன் லோரியைக் கூப்பிடுறான். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எனக்குத் தெளிஞ்சிருச்சு, எதுக்குடா இந்தக் கூட்டம்னு லோரியிலயே எந்திரிச்சு உக்காந்தேன். என்ன குடிச்சீங்கன்னு கேட்ட நர்சுக்கு, கேட்டதுமே வெளங்கிருச்சு. வயிறு சின்னதாப் போனவங்களுக்கு இனிப்பு சட்டுன்னு குடலுக்கு எறங்கினா இப்படித்தான் ஆகுமாம். வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஊட்டுல உக்காந்து குடிச்சிருந்தாலும் படுத்திருப்பீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆனா அதுக்குள்ள செல்லம் உனக்கு வாய்ஸ் அனுப்பிட்டாளே, அம்மா மலையில மயங்கி விழுந்துட்டாங்கன்னு அழுதுக்கிட்டு. டின் பால் விஷயம் அவ சொல்லல, அதனாலதான் மயங்கினேன்னு அவளுக்கே தெரியாது அப்ப. இப்பத் தெரியும், என்னைப் பாத்தாலே மொகத்தைத் திருப்பிக்கிறா. அவளை நீ திட்டக் கூடாது, சொல்லிட்டேன். பாசத்துல செஞ்சா. நீயும் பாசத்துலதான் செஞ்ச. ரெண்டு பேரு பாசத்துக்கும் நடுவுல நான்லா மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

பேக்கிங் ரூமு எப்படி இருக்கும்னு கேளு. ஏர்கான் போட்ட ரூமு, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியேருந்து டூரிஸ்ட்டுங்க எட்டிப் பாத்துப் போட்டோ புடிக்கிறாங்க. காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் உக்காந்து டப்பாவுல ஸ்டிக்கர் ஒட்டுறேன். ஒரு பெட்டியை நகத்தலாம்னு கையை வச்சா, அக்கா உங்களுக்கு ஆகாது, உங்க மக கேஸ் போட்டுருவாங்கன்னு நாலு பொண்ணுங்க ஓடி வருது. எல்லாம் தங்கமான பொண்ணுங்க, தங்க பங்குக் கச்சாங் கடலை, பிஸ்கட்டு எல்லாம் என் முன்னால தள்ளுதுங்க, உக்காந்திருக்கிற கை சும்மா இருக்குமா, கொறிக்கத்தான் செய்யுது. போன தரம் கிளினிக்குப் போனப்ப, எறங்கிக்கிட்டு வந்த எடை நின்னுபோச்சு, சொல்லப் போனா கொஞ்சம் ஏறியிருக்கு. நாற்காலியிலேருந்து எந்திரிக்கிறப்பக் கையை ஊணினேன். நூருல் பாத்துச்சு, அட்டையில எழுதிக்கிச்சு. அது எழுதினதுதான் எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு.

யுவா, நீ வேலை பாக்குற ஹோம்ல தொண்ணூறு வயசு வெள்ளைக்காரக் கெழவியைத் தெனம் காலையில கம்பியைப் பிடிக்க வச்சு வராந்தாவுல நடத்திக் கூட்டிட்டுப் போறதா நீதானே சொன்ன. அது முடியாதுன்னு மொரண்டு பிடிக்கும், நான் விட மாட்டேன், விட்டா படுத்துரும்மான்னு சொன்ன. எவ்ளோ பெருமையாச் சொன்ன. யாரோ பெத்த தாயை நடக்க வைக்கிற, உன்னைப் பெத்தவளுக்கு மட்டும் நாற்காலியா? இதுக்கு நீ பதில் எழுதணும், எமோஜி போட்டுத் தப்பிக்கக் கூடாது. உங்கப்பாவுக்கு அடுத்து என்னையும் தூக்கிக் குடுத்துருவோமோன்னு நீ பயப்படுற. எனக்கும் பயம் இருக்கு, இல்லன்னு சொன்னா பொய். ஆனா மலையில செத்துருவேனோன்னு இல்ல. எந்திரிக்க முடியாம உயிரோட கெடப்பேனோன்னுதான் பயம். அதுக்கு மருந்து உக்கார்றதுல இல்ல.

அதனால இன்னைக்குக் காலையில ஆபீசுக்குப் போனேன். பேக்கிங் ரூமுக்கு மத்தியான ஷிப்ட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டு, லைன்லேருந்து நடந்தே போனேன். குணாளன் கிராணி நல்ல மனுசன், பயந்த மனுசன். உங்க மக கேஸ் அது இதுன்னு சொல்லியிருக்காங்க ஆச்சி, எங்களுக்கு எதுக்கு வம்புன்னு இழுத்தாரு. நான் மேசை மேல கையை வச்சுக் கேட்டேன். “தம்பி, ஆள் பேரு எழுதுற செக்ரோல்ல இருக்கிறது ரஞ்சிதமா, யுவனேஸ்வரியா?” அதுக்குள்ள உள்ளேருந்து தொரை வந்துட்டாரு. தொரைன்னா மேனேஜர்தான், பழைய வெள்ளைக்காரத் தொரை இல்ல, நம்ம பிள்ளைதான், உன்னை விட ரெண்டு வயசு சின்னவன். டாக்டர் போலாம்னு சொன்னதைச் சொன்னேன், டின் பால் கதையையும் சொன்னேன். அவரு சிரிப்பை அடக்கிக்கிட்டு, சரி ஆச்சி, மொதல்ல தாழ்வான மலையில ஆரம்பிங்கன்னாரு. திருமாறன்கிட்ட, என் பின்னாலேயே லோரியை நிறுத்தி வச்சுக்கிட்டு நிக்காத, அபசகுனமா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே என் பிளாஸ்க்கு என் கையில, வெறும் கடுந்தேத்தண்ணி, ரெண்டு வேக வச்ச முட்டை. நூருல் சொன்ன மாதிரி சின்னச் சின்ன மடக்காக் குடிச்சுக்கிறேன். உனக்குக் கவலை வேணாம்.

இன்னொண்ணு. உனக்கும் என் உடம்புதான், உங்கப்பா வழியில சீனியும் இருக்கு. கடைக்குக் கூடக் கார்ல போறேன்னு மாப்பிள்ளை சொன்னாரு, கோள் சொன்னதா நெனைக்காத. சீனி டெஸ்ட்டு பண்ணிட்டு எனக்குச் சொல்லு. தீவாளிக்கு வர்றப்ப அந்த மெத்து மெத்துனு இருக்குற நடக்குற சப்பாத்து ஒரு ஜோடி வாங்கிட்டு வா, எனக்கில்ல, செல்லத்துக்கு, அவ காலு அளவு என் காலுதான். அவகிட்ட முன்கூட்டியே சொல்லாத. மாப்பிள்ளைக்கு என் ஆசி சொல்லு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தொணையா, நோய் நொடி அண்டாம, நல்ல பேரோட நீடூழி வாழணும், மாரியாத்தா உங்க கூட நிக்கணும். ஆடிக் கூழு ஊத்தினப்ப உன் பேரைச் சொல்லி ஒரு கரண்டி குடிச்சேன், ஒரு கரண்டிதான் எறங்குச்சு, அதுவும் உனக்காகத்தான்.

திங்கக்கிழமை காலையில மலைக்குப் போறேன். உன்னைக் கேட்டுட்டுப் போகல, சொல்லிட்டுப் போறேன்.

இப்படிக்கு, உன்னைச் சொமந்த அதே வயித்துல கால்வாசியை வச்சுக்கிட்டு நல்லா நடந்துக்கிட்டிருக்குற
அம்மா
சா. ரஞ்சிதம்